நாற்பத்து மூன்றுக்குப் பிறகு

சதுரம் முதலில் வாய் திறக்காது.
பாசிலியா சோக்கே அதன்மேல் நாணயம் வைத்து
வட்டம் போடுகிறாள்.
காலுக்கு ஒன்றாய் நான்கு.
காதுக்குச் சின்னது, மாத்திரைப் புட்டியின் மூடியால்.
வாலுக்கு மட்டும் தேநீர்க் கோப்பை.
வட்டங்கள் உரசலாம், ஏறி மிதிக்கக் கூடாது.
இடையில் மிஞ்சும் நிலத்துக்குப் பட்டா இல்லை.
அதை எங்கே ஒளிப்பது என்பதிலேயே
இரண்டு வருடம் போயிற்று.

பொலிவியாவில் ஓருரோ.
மேகத்துக்குப் பக்கத்து வீடு, ஆனால் காற்றில் ஈரம் கிடையாது.
நனைத்து மடித்த தாள்
நாலு நிமிடத்தில் விறைத்துவிடும்,
கோபித்துக்கொண்டவர் கழுத்துபோல.

பகலில் அவள் பல் செய்கிறாள்:
முன்பின் தெரியாத ஒருவரின் கடைவாய்க்கு
மெழுகில் ஒரு குன்று, ஒரு பள்ளம்.
இரவில் தகரக் கூரை படபடக்க
கிர்கின்ச்சோ செய்கிறாள்.

மணல்மேட்டில் வளை தோண்டும் பிராணி அது.
அழுங்கைப் பார்த்தவர்கள் பங்காளி என்பார்கள். இல்லை.
பந்தாய்ச் சுருளும் என்பார்கள். அதுவும் இல்லை.
ஆபத்தென்றால் தாள்களை உள்ளிழுத்து
தரையோடு தரையாய் அமுங்கும்,
அவ்வளவுதான் அதன் வித்தை.

நான்கு தாளும் ஒரே தாளுக்குள் இருந்து வரவேண்டும்.
கத்தரி கூடாது, பசை கூடாது.
ஓட்டில் எட்டுப் பட்டை, எட்டும் அசைய வேண்டும்.

பதினொன்றாவது, பன்றி.
பதினான்காவது, மிதிபட்ட செருப்பு.
பதினேழாவதற்கு ஐந்து கால்.
"ஐந்தாவதை என்ன செய்வேன்?"
"வாடகைக்கு விடு" என்றாள்
பக்கத்து மேசையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ரூஃபினா.

பிறகு ஒரு செவ்வாய் இரவு.
வானொலியில் பந்தாட்டம், சொந்த ஊர் தோற்றுக்கொண்டிருந்தது.
அவள் காது அங்கே இருந்தது,
கை இங்கே இருந்தது.
இடது பின்னங்காலின் அடியில்
பட்டா இல்லாத நிலம் முழுவதும்
சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.
மூன்றாவது கோல் விழுந்தபோது குனிந்தாள்:
மூக்கைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது,
மேசையை மோப்பம் பிடித்தபடி.

சனிக்கிழமை கோச்சபாம்பாவில்
மடிப்பவர்கள் பதினோரு பேர் காத்திருப்பார்கள்.
படிப்படியாய் வரைந்தாள். நாற்பத்து மூன்று படம்.
நாற்பத்து நாலில் கால் முடிந்திருக்கிறது.
நடுவில் என்ன நடந்தது?
கையைக் கேட்டாள்.
கை, கடன் வாங்கியவன்போல் வேறெங்கோ பார்த்தது.
புதுத் தாளில் ஆறுமுறை முயன்றாள்.
ஆறும் பன்றி.

பிரித்துப் பார்க்கலாம்.
பிரித்தால் அது போய்விடும்.
புதன் முழுக்க அதைப் பார்த்தே தேநீர் குடித்தாள்.
வியாழன் விடிகையில்
ஓட்டைக் கழற்றி, வாலைத் தளர்த்தி,
நகம் நகமாய்ப் பிரித்தாள்.

எல்லாக் கோடும் இருந்தன.
மேடாய், பள்ளமாய், ஒன்றுகூட அழியாமல்.
எது முதலில் என்று
ஒரு கோடும் சொல்லவில்லை.
ஊரே சாட்சிக்கூண்டில் ஏறியும்
ஒருவருக்கும் நேரம் தெரியாத வழக்கு.

சனிக்கிழமைப் பேருந்தில்
பிராணி இல்லை.
மடியில் கசங்கிய சதுரம் ஒன்று, மடிக்காமல்.
விளக்கப்படத்தில் நாற்பத்து மூன்றுக்கு அப்புறம்
காலிக் கட்டம். அதன் கீழே அவள் கையெழுத்து:
'இங்கே காலுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது.
கட்டைவிரலை உள்ளே விட்டுக் காத்திருக்கவும்.'

பள்ளிக்கூட அறை, பதினோரு முதுகுகள்.
மாலை நாலுக்குள் எட்டுப் பன்றி.
ஒருத்தி அழுகிற மாதிரி சிரித்தாள்,
ஒருவர் புகைக்க வெளியே போனார்.

குழாய் ரிப்பேர் செய்யும் நிக்கானோர்
தடித்த விரலோடு மூலையில் இருந்தார்.
அவருடையது நின்றது.
அவளுடையதுபோல் அல்ல,
அந்தக் காலில் மட்டும் மூன்று நகம் அதிகம்,
இப்போதே மண்ணைக் கீறப் போவதுபோல.

"எப்படி?"

அவர் அதைத் தூக்கினார், திருப்பினார்,
வயிற்றைப் பார்த்தார்.
"தெரியலையே, பிரித்துப் பார்க்கட்டுமா?"

பாசிலியாவின் கை
அவர் கைமேல் விழுந்த சத்தத்தில்
பன்றி ஒன்று கீழே உருண்டது.